எந்தப்பக்கம் ஓவர்சியரும் கிள்ளான் சடக்கின் வளைவும்

இன்றைக்கு நீங்கள் கோலாலம்பூரில் மோட்டார் ஏறி, பாதி வழியில் தூங்கி, கவிழாமல் கிள்ளான் போய்ச் சேருகிறீர்கள் என்றால், அதற்காக நன்றி சொல்ல வேண்டியது டிரைவருக்கு அல்ல. ஒரு ஓட்டை சைக்கிளுக்கும், அதன் கைப்பிடியில் தொங்கிய இரண்டு தகர டப்பாக்களுக்கும், அதை ஓட்டிக்கொண்டு அலைந்த ஒரு மனிதருக்கும்தான். நான் இதைச் சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை அவர்களுக்கு இல்லையே.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நாங்கள் குடியிருந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் 'எந்தப்பக்கம்'. சப்பான்காரன் வருவதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய காலம். சாலை ஆபீசில் அவர் ஓவர்சியர், நான் கணக்கெழுதும் கிராணி. காக்கி அரைக்கால் சட்டை, அதற்கு மேல் கல்யாணக் கறுப்புக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, அதை மறைக்காமல் பின்னுக்குத் தள்ளிப் போட்ட துரைமார் தொப்பி. இதுதான் அவர் வேஷம். தன்னைப் பற்றி அடக்கமாக ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"சடக்கு பேசுறது இந்தச் சிலாங்கூர் பூரா எனக்கு ஒருத்தனுக்குத்தான் கேக்கும், தெரியுமில்ல?" என்பார். சாலையைச் சடக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். ஆனால் அவர் சொல்லும்போது அது ஏதோ அவருடைய சொந்தக்காரர் பெயர் மாதிரி இருக்கும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஆபீஸ் படியில் கால் வழுக்கி, கையில் இருந்த தேநீரோடு உருண்டேன். பியூன் ஓடி வந்தார், பக்கத்து அறைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். எந்தப்பக்கம் மட்டும் நிதானமாக இறங்கி வந்து என் தலைமாட்டில் குந்திக்கொண்டார்.

"தம்பி, எந்தப் பக்கம் விழுந்தே?"

"அண்ணே, முட்டி பேந்து போச்சுண்ணே!"

"அது ஆறிடும். எந்தப் பக்கமா சாஞ்சே? சரியாத் தெரியலன்னா மறுபடி ஒரு தடவை விழுந்து காட்டு."

விழுந்து காட்டினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் வேறு என்ன செய்வான்? மறுநாள் தச்சன் வந்து அந்தப் படியைச் சீவிச் சரி செய்தான். படி ஓரமாகச் சரிந்திருந்ததாம். அதில் எனக்கு முன்னால் விழுந்த கிராணிகள் எல்லோரும் தங்கள் கிரகத்தை நொந்துகொண்டதோடு சரி, படியை யாரும் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அவருக்கு நுழைவே கிடையாது என்று ஆகியிருந்தது. அடிபட்டவர்களைப் பார்க்க மற்றவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவார்கள். இவர் நெருப்புப்பெட்டியோடு போவார். கால் ஒடிந்து கிடந்த ஒரு லோரி டிரைவரின் வயிற்றில் அதை வைத்து, "இதான் உன் லோரி. போர்வை சடக்கு. எங்க, கவுத்துக் காட்டு பாப்போம்" என்று ஆரம்பித்தார். அந்த ஆள் வலியில் துடிக்க, போர்வையோடு சேர்ந்து நெருப்புப்பெட்டியும் ஆடியது. "பாத்தியா, பாத்தியா, அந்தப் பக்கந்தான்!" என்று இவர் குதித்தார். காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசர் வந்து இவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். தள்ளிய வேகத்தில் வாசற்படி தடுக்கியது. உடனே குனிந்து அந்த வாசற்படியை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

ஒரு கல்யாண ஊர்வலத்தில் சாரட்டின் சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கி விட்டார்கள். விட்டது சனி என்று எல்லோரும் நகரும்போது, இவர் நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லி, மாப்பிள்ளையைத் திரும்ப ஏறி உட்கார வைத்து, சாரட்டை மறுபடி சாக்கடையில் இறக்கிக் காட்டச் சொன்னார். பெண்வீட்டார் அவரை அடிக்காமல் விட்டது அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் கொடுத்த மரியாதை.

இப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை அவர் என்ன செய்தார் என்கிறீர்களா? அதற்குத்தான் அந்த இரண்டு டப்பா. ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் செம்மண் குழம்பு. எங்கே வண்டி கவிழ்ந்ததோ, அது கவிழ்ந்த பக்கத்து மரத்தில் சுண்ணாம்பால் ஒரு பட்டை சுற்றுவார். ஆளுக்கு அடிபட்டிருந்தால் அதற்கு மேல் செம்மண் பட்டை.

"ஏண்ணே, காகிதத்துல எழுதி வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"காகிதம் பீரோவுல தூங்கும்டா. மரத்துல எழுதினா போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான்."

பெட்டாலிங் தாண்டிக் கிள்ளான் வரைக்கும் மரங்கள் அங்கங்கே பட்டை கட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒரு வளைவு இருந்தது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சதுப்பு. சதுப்புப் பக்கம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டைகள் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. எதிரே மேட்டுப் பக்கத்து மரங்களில் மருந்துக்குக்கூட ஒரு கோடு இல்லை.

அந்த வளைவில்தான் கருப்பையா இரண்டாம் முறையாகக் கவிழ்ந்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து செங்கல் ஏற்றிப் போகிற வண்டிக்காரர். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கருப்பையாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கள்ளு குடித்துவிட்டு ஓட்டினார் என்று சொல்லி வண்டி லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். கருப்பையா கள்ளுக்கடை இருக்கும் தெருவில் நடக்கக்கூட மாட்டார் என்பது எங்கள் வட்டாரம் முழுக்கத் தெரியும். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

எந்தப்பக்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே இன்ஜினியர் துரையின் அறைக்குள் போனார். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். துரைக்குத் தமிழ் வரும். தோட்டத்தில் கற்ற தமிழ், ஆகையால் எல்லோரையும் 'நீ' என்பார்.

"கள்ளு குடிக்கிறவன் விழுவான். சடக்கு என்ன செய்யும்?" என்றார் துரை.

"கள்ளு குடிச்சவன் ரெண்டு பக்கமும் விழுவான் சார். அந்த வளைவுல எல்லாரும் ஒரே பக்கந்தான் விழுறான். அப்ப குடிச்சிருக்கிறது வண்டிக்காரன் இல்ல சார், சடக்கு!"

மழைத்தண்ணீர் வடியட்டும் என்று எந்தக் காலத்திலோ சாலையைச் சதுப்புப் பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள்; வளைவில் திரும்பும் வண்டியை அந்தச் சரிவே தள்ளிவிடுகிறது; அந்த ஓரத்தை உயர்த்த வேண்டும். இதுதான் அவர் வாதம். துரை சிரித்தார், கொஞ்சம் யோசித்தார், ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். எந்தப்பக்கம் வெளியே வந்து, "அந்த ஓரத்தை ஒசத்தி, கருப்பையா கையில லைசென்சைக் கொடுக்காம இந்தத் தொப்பியைக் கழட்ட மாட்டேன்" என்று சபதம் போட்டார். அன்று முதல் சாப்பிடும்போதும் தொப்பிதான்.

துரை வருவதற்குள் சாமி வந்துவிட்டது.

வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்த சுவரைக் கண்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மரத்தில் அடித்திருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா? யாரோ ஒரு லோரிக்காரர் கற்பூரம் கொளுத்தினார். அடுத்தவர் சூலம் நட்டு எலுமிச்சம்பழம் குத்தினார். தோட்டத்து ஜனங்கள் பொங்கல் வைத்தார்கள். வேலையில்லாமல் இருந்த கருப்பையா பூசாரி ஆகிவிட்டார். எந்தப்பக்கம் டப்பாக்களோடு போய் இறங்கியபோது, முனியாண்டி சாமிக்குத் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது.

"டேய் கருப்பையா! இது சாமி இல்லடா, நான் போட்ட கணக்குடா!"

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. முனிதான் கோவிச்சுக்கிட்டுத் தள்ளி விட்டாரு."

"முனி தள்ளினா ஒரே பக்கமா ஏன்டா தள்றாரு?"

கருப்பையா யோசித்தார். "அவருக்கு எடது கைப் பழக்கமா இருக்குமுங்கய்யா."

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. சாமி வந்த பிறகு அந்த வளைவில் யாரும் கவிழவில்லை! கும்பிட நிறுத்துகிறவர்களும், நிறுத்தாமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும், எல்லோருமே மெதுவாகப் போனார்கள். துரை ஆபீசில் குறும்பாகக் கேட்டார்: "உன் சாமி நல்லா வேலை செய்யுது. சடக்கு எதுக்கு மாத்தணும்?"

சாலையில் குற்றம் இல்லை என்று முடிவானால் கருப்பையா குடிகாரர்தான் என்றும் முடிவாகிவிடும். "மழை பேஞ்சு கற்பூரம் அணைஞ்சா மறுபடி விழுவானுங்க சார்" என்று எந்தப்பக்கம் கத்திப் பார்த்தார். துரை வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று தொப்பிக்குக் கீழே அவர் முகம் தொங்கிப் போயிருந்ததை நான் பார்த்தேன்.

கடைசியில் துரையை அந்த வளைவுக்கு இழுத்து வந்தது முனியாண்டி சாமிதான். பூசைக்கு நிறுத்துகிற வண்டிகள் வழியை அடைக்கின்றன என்று புகார். துரை மோட்டாரில் வந்து இறங்கினார், எங்களையும் அழைத்து வந்திருந்தார். அன்று பூசை நாள், நல்ல கூட்டம். துரையைக் கண்டதும் கருப்பையா கையில் கூடை இருப்பதை மறந்து கும்பிடு போட்டார். உடைப்பதற்காகக் கொண்டு வந்த ஒரு கூடைத் தேங்காய் நடுச்சாலையில் கவிழ்ந்துவிட்டது.

சாமிக்கு வந்த தேங்காய்! கூட்டம் பதறிக்கொண்டு பொறுக்க ஓடியது. எந்தப்பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"யாரும் பிடிக்காதீங்க! விடுங்க, போகட்டும்! அப்படியே போகட்டும்!"

எல்லோரும் அப்படியே நின்றோம். தேங்காய்கள் ஒன்றன் பின் ஒன்றாக உருண்டன. அத்தனையும் ஒரே பக்கம். தொப், தொப் என்று சதுப்பில் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்றுகூட மேட்டுப் பக்கம் போகவில்லை.

எந்தப்பக்கம் துரையின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். "எந்தப் பக்கம் சார்?"

துரை மிச்சமிருந்த ஒரு தேங்காயை வாங்கி, சாலை நடுவில் தன் கையாலேயே வைத்தார். அது அவருடைய பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போய்ச் சதுப்பில் விழுந்தது. பட்டை போட்ட மரத்தைப் பார்த்தார். எதிரே வெறும் மரங்களைப் பார்த்தார். பிறகு கருப்பையாவைப் பார்த்து, "தேங்காய் கள்ளு குடிக்காது" என்றார். கூட்டத்தில் ஒரு பெண் அந்த நேரத்தில் சாமி வந்து, "ஓரத்தை ஒசத்துங்கடா!" என்று ஆடினாள். எந்தப்பக்கம் அதை மட்டும் ஆட்சேபிக்கவில்லை.

ஓரத்தை உயர்த்தினார்கள். துரையே சொல்லிக் கருப்பையாவுக்கு லைசென்ஸ் திரும்பி வந்தது. எந்தப்பக்கம் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் அது பதிந்த வளையம் கடைசிவரை போகவில்லை. ஆனால் பெயரெல்லாம் முனியாண்டிக்குப் போயிற்று. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பக்தர்கள் பூசைக்குப் பூசை மரத்தில் புதுப் பட்டை அடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. "இங்க எவனும் விழலையேடா, ஏன்டா பொய்க்கணக்கு எழுதுறீங்க?" என்று சண்டை போட்டு, பழைய பட்டைகளைப் புதுப்பிக்கலாம், மேற்கொண்டு ஒன்றும் ஏற்றக் கூடாது என்று சாமியோடேயே ஒப்பந்தம் செய்துகொண்டார்.

கருப்பையா செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எந்தப்பக்கத்தின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்துவார். உள்ளே பார்த்து, தெருவே கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பார்: "எந்தப் பக்கமும் இல்லீங்கய்யா!" உள்ளேயிருந்து ஒரு செருமல் வரும். அதற்குப் பிறகுதான் மாடுகள் நகரும். கொஞ்ச நாளில் மற்ற வண்டிக்காரர்களும், லோரிக்காரர்களும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். அவர் இறந்துபோன பிறகும், பூட்டிய அந்த வீட்டு முன்னால் கருப்பையா வண்டியை நிறுத்திக் குரல் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்த வயதிலும், எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும், வாசலில் இறங்கி நின்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்: "எந்தப் பக்கமும் இல்லண்ணே." அந்தச் செருமலுக்காகக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.