நீலம் வந்தால் கொட்டிவிடு

காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீர் நீலமாக மாறியது. மாற்றியவள் நான்தான்.

என் மகள் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. விடுமுறைக்கு வந்தபோது ஊறுகாய் டப்பா அளவில் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தாள்.

"இது செயற்கை நொதிம்மா. நிஜ நொதி செய்யற வேலையை இந்தப் பொடி செய்யும். தண்ணில பூச்சிமருந்து கலந்திருக்கான்னு நிறத்தை வெச்சே சொல்லிடலாம்."

எந்த நிறம் என்று அவள் சொன்னபோது குக்கர் விசிலடித்தது. (நான் விசிலைத்தான் கவனித்தேன். பருப்பு குழைந்துவிடுமே!)

மறுநாள் விடியற்காலையில் அவள் பலாப்பழம் வாங்கப் பண்ருட்டிக்குப் போனாள். நான் பெட்டியைத் திறந்தேன். அவள் சொல்லியிருந்தபடியே குழாய்த் தண்ணீரில் பொடியைப் போட்டு, குப்பியிலிருந்த சொட்டுகளையும் விட்டேன். நீலம். பளீரென்ற நீலம்!

ஆலகால விஷம் குடித்த சிவனுக்குக் கழுத்து என்ன நிறம்? பாம்பு கடித்தவன் உடம்பு என்ன நிறம்? இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா? கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். அதுவும் லேசாக நீலம் மாதிரிதான் தெரிந்தது.

மாடிவீட்டுக் கலா அக்காவிடம் ஓடினேன். அன்று அவர் மகளுக்கு வளைகாப்பு. வயிற்றுப் பிள்ளைக்காரி குடிக்கிற தண்ணீராயிற்றே!

"அக்கா, தண்ணில விஷம்! எல்லாத்தையும் கொட்டுங்க!"

"அய்யய்யோ, விடிஞ்சதுலேருந்து அதத்தான குடிச்சிகினு இருக்கேன்!"

"வாந்தி வருதா?"

"நீ கேக்கற வரைக்கும் வரலம்மா. இப்ப வருது."

குடம், அண்டா, டிரம், மாடித் தொட்டி என்று ப்ளாக் முழுவதும் கவிழ்த்தோம். சாம்பாரும் பாயசமும் சாக்கடைக்குப் போயின. குழாயும் நின்றுவிட்டது. இனி சாயங்காலம்தான் வரும்.

மகள் பலாப்பழத்தோடு வந்தாள். நீலத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பூச்சிமருந்து இருந்தா பொடி வேலை செய்யாது, நிறம் வராது. நீலம் வந்தா தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தம்!"

"அப்ப நான் எதுக்கும்மா வாந்தியெடுத்தேன்?" என்றார் கலா அக்கா.

(இன்றைக்கும் நான் நீலப் புடவை கட்டினால், ப்ளாக்கில் யாராவது குடத்தைக் கவிழ்ப்பதுபோல் நடித்துக் காட்டுவார்கள்.)

நான் காலி அண்டாவை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. வளைகாப்புக்குத் திருவதிகையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். முதலில் இறங்கிய சம்பந்தியம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னா வெயிலு! மத்ததெல்லாம் அப்பறம் ஆவட்டுங்க. மொதல்ல ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க."