கர்மூஷ் அண்ட் சன்ஸ்

உலகில் பெண்கள் இவ்வளவு தூரம் முன்னேறியதற்கு யார் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இனி அந்தச் சிரமம் வேண்டாம். காரணம், லெபனானின் பெக்கா சமவெளியில் ஐன் துராப் கிராமத்தில் வசிக்கும் கர்மூஷ் குடும்பத்து ஆண்கள். அதாவது என் அப்பா சல்லூம், என் சித்தப்பா மகன் கத்தாஸ், அடக்கம் தடுத்தாலும் சொல்கிறேன், அஃபீஃப் ஆகிய நான்.

எங்கள் 'ஆதரவில்' முன்னேறியவள் நஜ்லா. காலமாகிவிட்ட இன்னொரு சித்தப்பாவின் ஒரே மகள். வயது நாற்பத்தொன்பது, என்னைவிட நான்கு வயது இளையவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஏழு வருடத்துக்கு முன் பெய்ரூத்தில் நல்ல மருந்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தாள். மலையடியில் இருக்கும் எங்கள் கல்லுக்காட்டில் திராட்சை நட்டு, ஒயின் ஆலை கட்டப்போகிறேன் என்றாள். அந்தக் காட்டில் ஆடுகூட யோசித்துத்தான் மேயும்.

நாங்கள் உடனே ஆதரவுக் கரம் நீட்டினோம். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பா ஊர் முழுக்க இலவசமாக விளம்பரம் செய்தார். பிரேசிலில் பதினோரு வருடம் கறுப்புக் கண்ணாடி விற்றுவிட்டுத் திரும்பியிருந்த கத்தாஸ், இது தேறாது என்று நிபுணர் கருத்து வழங்கினான். நான் தண்ணீர் இலாகாவில் இருப்பவன். அவள் கொடுத்த தண்ணீர் இணைப்பு மனு தொலைந்துவிடக் கூடாதே என்று இரண்டரை வருடம் என் மேஜை டிராயரிலேயே பூட்டி வைத்திருந்தேன். கொடிக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது, தவித்தால்தான் பழத்தில் சாரம் ஏறும் என்று பிற்பாடு அவளே ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாருங்கள், என் தொலைநோக்கை.

இங்கே ஒரு சிறு குறிப்பு. எங்கள் குடும்பத்தில் யாரும் ஒயின் குடிப்பதில்லை. அரக் என்ற சோம்புச் சாராயம் இருக்கும்போது திராட்சையை எதற்கு வீணடிக்க வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அரக்கும் திராட்சையில்தான் வடிக்கிறார்கள் என்று நஜ்லா ஒருமுறை சொல்லிவிட்டாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஏழு வருடத்தில் அவள் கல் பொறுக்கினாள், கொடி வளர்த்தாள், ஜெனரேட்டர்காரனோடு சண்டை போட்டாள், கட்டடம் எழுப்பினாள். முதல் வருட ஒயின் பீப்பாயில் தயாராகிவிட்டது. ஆனால் உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில் விற்க முடியாது. அந்த நிலமோ பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. அப்பாவும் கத்தாஸும் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். இதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின், எங்கள் வீட்டில் 'குடும்பப் பேரவை' கூடியது.

அப்பா காகிதத்தைத் தொடவில்லை. "பலகையில என்னம்மா எழுதப்போற?" என்றார்.

"நஜ்லா கர்மூஷ்னு, பெரியப்பா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஒரு தொழில்னா பின்னால 'அண்ட் சன்ஸ்' வேணாமா? ஸஹ்லே டவுன்ல செருப்பு தைக்கிறவன்கூடப் போட்டிருக்கான். ஆம்பளப் பசங்க இல்லாத கடையில எவன் வாங்குவான்?"

"எனக்குப் பசங்க இல்லையே பெரியப்பா."

"அதுக்குத்தாம்மா குடும்பம் இருக்கு."

உடனே மகன்களைத் தேர்ந்தெடுக்கும் பணி தொடங்கியது. ஆணாக இருக்க வேண்டும், கர்மூஷாக இருக்க வேண்டும், வேலை நாட்களில் ஓய்வாக இருக்க வேண்டும் என்று தகுதிகள் வகுக்கப்பட்டன. மூன்றாவதில் நானும் கத்தாஸும் சிறப்புத் தேர்ச்சி. நான் மூத்த மகனாகவும் கத்தாஸ் இளைய மகனாகவும் ஏகமனதாக நியமிக்கப்பட்டோம். தாயைவிட மகனுக்கு நான்கு வயது கூடுதலாக இருப்பது சரியா என்று கத்தாஸ் ஓர் ஐயம் எழுப்பினான். பாசத்துக்கு வயது கிடையாது என்று அப்பா தீர்ப்பளித்தார். அடுத்து, பலகையில் இடம் போதாது என்று தெரிந்ததால், 'நஜ்லா' என்ற சொல்லை நீக்குவது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

நஜ்லாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏழு வருஷம், பெரியப்பா. ஒத்தையா நின்னேன். ஒருத்தரையும் ஒண்ணும் கேக்கல. அந்தப் பலகையில என் பேரு ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள். அவள் கண்ணில் நீர் கட்டியது. அதை 'ஆனந்தக் கண்ணீர்' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

அவள் காபியைக் கசடுவரை குடித்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சரி. பலகையும் பாட்டில் முன்பக்கமும் உங்க இஷ்டம். பாட்டில் பின்னால ஒட்டுற சீட்டு மட்டும் நான் எழுதிக்கிறேன்."

அப்பா பெருந்தன்மையோடு சிரித்தார். "பின்னால இருக்கிறத எவன் படிக்கப்போறான்? எழுதிக்கோ." அப்பாவும் கத்தாஸும் கையெழுத்துப் போட்டார்கள். அத்துடன் அரக் வந்தது.

செப்டம்பரில் அறுவடை. விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்துவிடுவார்கள். மூத்த மகன் என்ற பொறுப்புணர்வோடு நான் பத்தரைக்கே போய்ச் சேர்ந்தேன். கரி, இறைச்சிக் கம்பிகள், தப்பூலே சாலட், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாற்காலி. கத்தாஸ் நர்கீலே ஹூக்காவைப் பற்றவைத்துக்கொண்டு, பழம் தரம் பிரிக்கும் மேஜையில் சாய்ந்தான். கூலிக்கு வந்த பெண்கள் அவனைச் சுற்றிப் பழம் பிரித்தார்கள். நஜ்லாவுக்குத் தலையெல்லாம் இலை, முழங்கைவரை கறை. எங்களைப் பார்த்தாள், அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கென்று பிரஸ்ஸல்ஸிலிருந்து மதாம் லிவென்ஸ் வந்து இறங்கினார். ஒயின் இறக்குமதி செய்பவர். பிடித்துப்போனால் முதல் வருட ஒயின் முழுவதையும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். நான் விடுவேனா? முன்னால் பாய்ந்து வரவேற்றேன். பீப்பாய் பக்கத்தில் ஒரு தொட்டி நிறையச் சிவப்பாக இருந்ததில் ஒரு கிளாஸ் மொண்டேன். சுழற்றினேன், முகர்ந்தேன், ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினேன்.

"செர்ரிப் பழம் தெரியுது. அடியில லேசா தேவதாரு மரம். எங்க தாத்தா காலத்துப் பக்குவம், மதாம்."

"அம்மா, அது பீப்பா கழுவின தண்ணி" என்றாள் நஜ்லா.

எங்கள் பக்கம் தாய் தன் பிள்ளையை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை பேர் நடுவில் அவள் முறையை விட்டுக்கொடுக்காதது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

மதாம் என் வெள்ளை மீசையைப் பார்த்தார், நஜ்லாவைப் பார்த்தார். "இவர் உங்க பையனா?"

"மூத்தவன்."

"ரொம்பச் சின்ன வயசுல பெத்துட்டீங்களோ?"

"பெக்கல மதாம். ஏழு வருஷமாச் சுமக்கிறேன், இன்னும் இறக்கல."

மதாம் வெகுநேரம் சிரித்தார். எங்கள் குடும்பப் பாசத்தைக் கண்டு பூரித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நஜ்லா நிஜமான பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு மதாம் கிளாஸை மறுபடி நீட்டினார். போகும்போது நாலாயிரம் பாட்டிலும் எனக்கே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வெளியீட்டு விழா. பாதிரியார் ஆசீர்வதித்தார். பாட்டிலின் முன்பக்கம் தங்க எழுத்தில் 'கர்மூஷ் அண்ட் சன்ஸ்'. அப்பா அதைத் தொட்டு முத்தமிட்டார். ஒரு பெண் தனியாகத் தொழில் நடத்த ஆண்கள் எத்தனை பேர் பாடுபட வேண்டியிருக்கிறது என்று நான் நாற்பது நிமிடம் மைக்கில் உரையாற்றினேன். முடிக்கப்போகும் சமயம் அப்பா பாட்டிலைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை.

"பின்னால என்னமோ எழுதியிருக்காளே. படிடா, எல்லாரும் கேக்கட்டும்."

மைக்கைக் கிட்டே பிடித்துக்கொண்டு கம்பீரமாகப் படித்தேன்.

"இதில் அடங்கியவை: திராட்சை. கந்தகம், மிகச் சிறிதளவு. நஜ்லா கர்மூஷ், ஏழு வருடம். மகன்கள் சேர்க்கப்படவில்லை."

கடைசி வரி வாயைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அறுவடைப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அப்புறம் ஊரே தட்டியது. பாதிரியாரும் தட்டினார்.

"நான் கையெழுத்துப் போட்டாச்சாடா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"போட்டாச்சுப்பா."

"பின்னால எவன் படிக்கப்போறான்னு சொன்னது யாரு?"

பெரியவர்களை எதிர்த்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லாததால் பாட்டிலை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தேன்.

நஜ்லா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து ஏழு வருடமாக நான் பார்த்ததில்லை.

இப்போது பிரஸ்ஸல்ஸில் முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லையாம். கடைக்கு வந்ததும், "அந்த மகன்கள் சேர்க்காதது ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்களாம். குடும்ப கௌரவம் வெளிநாட்டில் சந்தி சிரிப்பதை ஒரு மூத்த மகன் எப்படிப் பொறுப்பான்? சீட்டில் இருப்பது பொய், எங்கள் பங்களிப்பு ஒவ்வொரு துளியிலும் கலந்திருக்கிறது, ஆய்வு செய்து நீதி வழங்குக என்று உணவுப் பரிசோதனை அதிகாரிக்கு மூன்று பக்க மனு எழுதினேன். என் இலாகா மாதிரி இல்லை, நாற்பதே நாளில் பதில் வந்துவிட்டது. முத்திரையோடு, இரண்டு பிரதிகளில்:

"மனுதாரர் கோரியபடி ஆறு பாட்டில்கள் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டன. சீட்டில் கண்டவை அனைத்தும் சரி. மகன்களின் தடயம் எதுவும் காணப்படவில்லை."