ரெண்டு கேட்வே போட்ட கை

செங்கல்பட்டு வட்டாரத்திலேயே, போகும் வழியைச் சொல்லாமல் ஓர் ஊரின் பெயரைச் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஆபீசில் நாங்கள் 'ரூட்டு' என்று கூப்பிட்டவர்தான். "மகாபலிபுரம் நல்லாருக்குமா அண்ணாத்த?" என்று கேட்டால், "திருக்கழுக்குன்றம் வழியா போனா நல்லாருக்கும்" என்பார். அவருடைய கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. கருங்குழி மண்டபத்துக்கு வரும் வழி மட்டும், வடக்கிலிருந்து வருவோருக்குத் தனி, தெற்கிலிருந்து வருவோருக்குத் தனி என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் பிழைப்பு. பன்னிரண்டு கம்ப்யூட்டர். வெளியே போக இரண்டு கேட்வே: ஒன்று இன்டர்நெட்டுக்கு, இன்னொன்று சென்னை ஹெட் ஆபீசுக்கு மட்டும். அவற்றுக்கெல்லாம் ரூட்டுதான் பொறுப்பு.

"வூட்டுக்கு வாசல் ஒண்ணுதான் நைனா. ஹெட் ஆபீஸ் போறவனுக்கு மட்டும், நீ கொல்லப்பக்கம் போன்னு தனியா சொல்லணும். ரெண்டையும் வாசல்னு சொன்னா மெஷின் பேஜாராயிடும்" என்பார்.

அப்படித் தனியாகச் சொல்ல ஒரு வரி கட்டளை அடிக்க வேண்டும். அணைத்தால் மெஷின் அதை மறந்துவிடும். மறக்காமல் இருக்கவும் வழி உண்டு. மனிதர் கேட்டால்தானே! தினமும் காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டு, பன்னிரண்டு மெஷினிலும் தாமே அடிப்பார். "எழுதி வெச்சிட்டா நாம மறந்துடுவோம். நாளைக்கு லைன் மாறுனா யாரு தேடறது?" அவர் முடிக்கும்வரை, சந்நிதித் திரை விலகக் காத்திருப்பவர்களைப்போல நாங்கள் டீயோடு நிற்போம்.

மகளுக்குக் காது குத்த இரண்டு நாள் லீவு எடுத்தவர், அந்த வரியை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு தடவை அடிக்க எனக்குச் சோம்பல். எல்லா மெஷினிலும் செட்டிங்கில் ஹெட் ஆபீஸ் கேட்வேயையும் நிரந்தரமாக இன்னொரு வாசலாகச் சேர்த்துவிட்டேன். ஜோராக ஓடியது.

"சீட்டுல கீறபடியே போட்டியா?" என்று திரும்பி வந்ததும் கேட்டார்.

"அட்சரம் பிசகாம அண்ணாத்த" என்றேன்.

அடுத்த வாரம் இன்டர்நெட் லைன் கொஞ்ச நேரம் படுத்தது. பன்னிரண்டு மெஷினும் கொல்லைக் கதவையே வாசலாகப் பிடித்துக்கொண்டன. லைன் எழுந்த பிறகும் அவை திரும்பவில்லை. அவசர பைல்களெல்லாம் ஹெட் ஆபீசில் முட்டிக்கொண்டு நின்றன. ரூட்டு தம் வரியையே திரும்பத் திரும்பச் சோதித்தார். அதில் குற்றமே இல்லை. செட்டிங்கை அவர் திறந்து பார்ப்பதற்குள், எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி எங்களைக் கைகழுவிவிட்டது.

"யார்யா ரெண்டு கேட்வே போட்டது?" என்று மேனேஜர் கத்தினார்.

ரூட்டு என்னைப் பார்த்தார். நான் கீபோர்டில் இல்லாத தூசியை ஊதிக்கொண்டிருந்தேன்.

"என் பொறுப்புல கீற மெஷின் சார். நான்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார்.

அடுத்த மாதம் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது. அந்த வாரத்தோடு அனுப்பிவிட்டார்கள். அவர் கணக்கு முடித்துக் கிளம்பும்போதும் நான் தலை குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

சில வருஷம் கழித்து, படாளத்தில் பஸ் நின்றபோது அவரைப் பார்த்தேன். லாரி டிரைவர் ஒருவருக்குக் கையை வீசி வழி சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் இருக்கைக்கடியில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஜன்னல் பக்கம் வந்து தட்டினார்.

"இன்னா நைனா, இப்ப எங்க வேலை?"

"பொத்தேரியில அண்ணாத்த. நெட்வொர்க்தான்."

"வாசல் ஒண்ணுதான வெச்சிகினு கீற?"

"ஒண்ணுதான்."

"அது போதும்" என்று சிரித்தார். "அண்ணாத்த, அன்னைக்கு அந்த செட்டிங்க..." என்று ஆரம்பித்தேன். பஸ் நகர்ந்துவிட்டது.

இங்கேயும் ஹெட் ஆபீசுக்கு அப்படி ஒரு தனி வரி உண்டு; என் மெஷினில் மட்டும் அதை இன்றும் தினமும் கையால்தான் அடிக்கிறேன். அவர் தந்த சீட்டில் இருப்பவை பழைய ஆபீஸ் எண்கள், இங்கே செல்லாது. ஆனாலும் அதை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளாமல் எனக்கு முதல் எழுத்து ஓடுவதில்லை.