ஏலக்காய் மாஸ்க்

என் வாய்ச்சவடால் எட்டூருக்குக் கேட்கும். தைரியம் வாசப்படியைத் தாண்டாது. இது தெரியாமல்தான் மனைவியின் அண்ணன், பாண்டி மச்சான், என்னைத் தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டார். என்ன தொழில்? தனியாக இறந்து, நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் வீட்டைச் சுத்தம் செய்வது. உடலைப் போலீஸ் எடுத்துப் போய்விடும். மிச்சத்தை யார் எடுப்பது? நாங்கள்தான்.

முதல் வேலை போடியிலேயே கிடைத்தது. ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த பெரியவர் ஒருவர். நாற்றம் வந்த பிறகுதான் தெருவுக்கே விஷயம் தெரிந்தது, பாவம். திருப்பூரிலிருந்து மகள் ஜோதி வந்துகொண்டிருந்தாள். அப்பா இறந்த இடத்தில் அவள் விளக்கேற்ற வேண்டும்.

"அந்தப் புள்ள வர்றதுக்குள்ள வெரசா முடிக்கணும் மாப்ளே. இந்தக் கோலம் அது கண்ணுல படவே கூடாது."

"நீங்க மருந்துத் தண்ணியக் கலக்குங்க மச்சான். உள்ள நான் பாத்துக்கிறேன்" என்றேன் (பெரிய இவன்!).

மச்சான் கொடுத்த மாஸ்க் மட்டும் எனக்குப் போதவில்லை. ஏலக்காய் ஊர்க்காரன் அல்லவா? ஒரு கைப்பிடியை நசுக்கி உள்ளே திணித்துக் கட்டிக்கொண்டேன். ஏலக்காய் முட்டிக்கொண்டு நின்றதில் மாஸ்க் முகத்தில் ஒட்டவே இல்லை. பாயசமும் பிணமும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான்! வாளியை உதைத்துத் தள்ளி, கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஜோதியின் காலடியில் வாந்தி எடுத்தேன்.

திறந்த கதவு வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

சத்தம் போட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழுதது நான். "தண்ணி குடிங்கண்ணே" என்று என் முதுகைத் தடவிவிட்டாள். துஷ்டி கேட்க வந்தவர்கள் என்னைத்தான் மகன் என்று நினைத்து, வரிசையாகக் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கப்பா" என்றார்கள். மறுக்கத் தெம்பில்லாமல் எல்லோருக்கும் தலையாட்டினேன்.

ஜோதி மச்சானிடம் போனாள். "எனக்கும் கையுறை, மாஸ்க் எல்லாம் கொண்டாங்கண்ணே."

"வேணாம் தாயி. இது எங்க சோலி."

"எங்கப்பாதானண்ணே. எனக்கென்ன அருவருப்பு?"

அவர்கள் இருவரும்தான் உள்ளே போய்ச் சுத்தம் செய்தார்கள். பொழுது சாயும் முன் விளக்கு எரிந்தது. நான் அதுவரை வாசலில் துக்கம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இன்றும் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் என் பொண்டாட்டி வாசலிலேயே சொல்லிவிடுவாள்: "மொதல்ல இவருக்கு ஒரு சோடா ஒடைங்கப்பா. செத்தவுகள அப்புறம் பாப்போம்."

சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாண்டி மச்சான் மட்டும் சிரித்ததில்லை. அவர்தான் அன்றைக்கு உள்ளே ஜோதியோடு இருந்தவர்.