ஜூலை பத்தா, அக்டோபர் பத்தா?

வீட்டுத் தலைவன் என்று ஒருவன் இருந்தால் அவன் முடிவு செய்வதற்கென்று ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். டிசம்பரில் மஸ்கட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்த நாளிலிருந்து அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாம்பாரா ரசமா என்பதை என் மனைவி பிலோமி முடிவு செய்கிறாள். ஸ்வெட்டரை எப்போது துவைப்பது என்பதை வெயில் முடிவு செய்கிறது. கீழ்க் கோத்தகிரியில் வெயிலும் பிலோமி சொல்வதைத்தான் கேட்கிறது.

ஜூன் கடைசியில் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மகள் ஜெஸிந்தாவுக்கு வேலை கிடைத்தது. பைலட் வேலை.

என் மஸ்கட் சம்பாத்தியத்தை இருநூறு மணி நேரத்தில் பறந்தே தீர்த்து லைசென்ஸ் வாங்கியவள் ஜெஸி. ஹைதராபாத்திலிருந்து சின்னச் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அந்த மாதிரி விமானம். ஜூலை பத்தாம் தேதி ஒரு பேட்ச் சேருகிறது, அக்டோபர் பத்தாம் தேதி இன்னொன்று. ஜூலை வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்ட கடிதம் சனிக்கிழமைக்குள் கூரியரில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் தானாகவே அக்டோபர்.

விமானத்தைப் பற்றி எங்கள் வீட்டில் என்னைத் தவிர யார் பேச முடியும்? பதினெட்டு வருஷம் விமானத்துக்கு அடியிலேயே நின்றவன் நான். பெட்டி ஏற்றினேன், பெட்டி இறக்கினேன், கடைசி நான்கு வருஷம் ஏற்றி இறக்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அறிவித்தேன்.

"அக்டோபர்."

"ஏனுங்க அக்டோபர்?" என்றாள் பிலோமி, கறி கழுவியபடியே.

"மழைக்காலத்துல புதுசா ஓட்டக் கூடாது. அனுபவத்துல சொல்றேன்."

"முதல் மூணு மாசம் அவ கிளாஸ்ல உக்காந்து படிக்கோணுமாம். கிளாஸுக்குள்ள மழை பெய்யாதுங்க."

"உங்க ஸ்கூல்ல பெய்யுதே."

"அது ஓட்டுக் கட்டடம். சொல்லுங்க, வேற என்ன அனுபவம்?"

"தீபாவளிக்குள்ள பெரிய கம்பெனி யாராச்சும் ஆள் எடுப்பாங்க. அப்ப இவ சின்னக் கம்பெனில மாட்டிக்கிட்டு நிப்பா. தேதியை அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது, பிலோமி."

"பைலட்டுக்கு எல்லாமே சீனியாரிட்டிங்க. முன்னாடி சேர்ந்தவங்களுக்குத்தான் கேட்ட ஊரு, கேட்ட லீவு, கேப்டன் சீட்டு. ஜெஸி சொன்னா. நான் பாக்காத சீனியாரிட்டியா?"

சீனியாரிட்டி என்ற சொல் வந்துவிட்டால் அடுத்து ஞானசுந்தரி வரப்போகிறாள் என்று அர்த்தம்.

பிலோமி கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞானசுந்தரியும் அங்கேதான். ஒரே படிப்பு, ஒரே ஆர்டர், ஒரே தபாலில் வந்தது. ஞானசுந்தரி ஒரு நாள் முன்னதாகச் சேர்ந்தாள். அந்த ஒரு நாளைக்காக இன்று அவள் தலைமையாசிரியை.

"ஹெச்.எம். ரூமுல ஹீட்டர் இருக்குதுங்க," என்றாள் பிலோமி. "ஸ்டாஃப் ரூமுல ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லீங்க. ஒரு நாள். வெறும் ஒரு நாள்."

"ஒரு நாள் முன்னாடி நீயும் போயிருக்க வேண்டியதுதானே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கறியைப் பார்த்தாள். கறிக்கும் எனக்கும் ஒரே பார்வைதான்.

என் அனுபவ ஞானத்துக்கு உள்ளே இருந்த உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் மஸ்கட் போனபோது ஜெஸிக்கு மூன்று வயது. வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. பதினெட்டு வருஷத்தையும் கூட்டிப் பார்த்தால் நான் அவளோடு இருந்தது ஒன்றரை வருஷம். ஒன்றரை வயதுக் குழந்தையை யாராவது ஹைதராபாத்துக்கு அனுப்புவார்களா? எனக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதை அப்படியே சொல்ல வெட்கமாக இருந்ததால் மழை, தீபாவளி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் பிலோமி ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒட்டிய கவர் ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, மத்தியானம் கோத்தகிரி வருவீங்கல்ல, இதைக் கூரியர் ஆபீஸ்ல குடுத்துருங்க. ஜெஸி சமாச்சாரம்."

"விலாசமே எழுதலையே?"

"அங்க கவுண்டர்ல இருக்கற வெள்ளியங்கிரிக்குத் தெரியுமுங்க. குடுத்தாப் போதும்."

எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம். விதியே வந்து என் கையில் கவரைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போகிறது. இதைக் கொடுக்காமல் விட்டால் தானாக அக்டோபர். யார்மேலும் பழி இல்லை. கூரியர் என்றால் தொலைவதும் உண்டுதானே.

என்னிடம் ஒரு தோல் கோட்டு உண்டு. மஸ்கட்டில் வாங்கியது, மஸ்கட்டில் ஒரு நாளும் போட முடியாதது. அதன் உள்பையில் கவரைப் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

சாயங்காலம் பிலோமி வந்தாள். "குடுத்தீங்களா?" என்று கேட்பாள் என்று மூன்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் எனக்குக் கூடுதலாக ஒரு முட்டை வைத்தாள். தூக்குக்குப் போகிறவனுக்குத்தான் இப்படிப் பார்த்துப் பார்த்துப் போடுவார்கள் என்று கேள்வி.

புதன்கிழமை சாயங்காலம் மழை. ஜெஸி ஒரு பெரிய காகிதத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். விமான ஓட்டிகள் முன்னால் இருக்கும் அத்தனை பட்டன்களின் படமும் அதில் இருந்தது. கீழே இரண்டு நாற்காலி.

"அப்பா, கொஞ்சம் வந்து கேப்டனா இருங்க. இடது பக்கம்."

உட்கார்ந்தேன். நான் ஒரு தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் வலது நாற்காலியிலிருந்து காகிதப் பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னாள். ஒரு தப்பு இல்லை. பதினெட்டு வருஷம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த சீட்டில், முதல் முறையாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே குக்கர் மூன்று விசில் அடித்தது.

"இந்த இடது சீட்டு எனக்கு எப்ப வருங்கறது ஜூலை பத்துலதாங்கப்பா இருக்குது," என்றாள் ஜெஸி. "அக்டோபருக்கப்புறம் ஒரு வருஷம் அவிய ஆள் எடுக்கறதையே நிறுத்திட்டா, அந்த பேட்ச்தான் கடைசி. எல்லாருக்கும் கீழ நானு. அம்மா மாதிரி."

"உங்கம்மா ஒரு நாள் சோம்பல் பட்டதுக்கு நான் என்ன பண்றது?"

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"அம்மா உங்ககிட்டச் சொன்னதே இல்லீங்களா? அன்னைக்குத்தான் நீங்க முதல் தடவை மஸ்கட் போனீங்க. என்னைத் தூக்கிட்டுக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு வந்தாங்க. அதான் அந்த ஒரு நாள்."

இத்தனை நாளாக ஹீட்டரைப் பற்றிப் பேசியவள், ஒரு தடவைகூட என்னைப் பற்றிப் பேசவில்லை. அன்று ராத்திரி பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். பிலோமி அதையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவள் பஸ் திரும்பி மறைந்ததுதான் தாமதம், கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழியில் மரம் விழுந்து முக்கால் மணி நேரம் நின்றது. இறங்கி நானும் மரத்தைத் தள்ளினேன். மரம் அசையவில்லை, இடுப்பு அசைந்தது. சேறும் சகதியுமாகக் கூரியர் ஆபீஸுக்குள் நுழைந்தேன்.

கவுண்டரில் வெள்ளியங்கிரி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சார். மழையில இவ்வளவு தூரம்."

"இது சனிக்கிழமைக்குள்ள ஹைதராபாத் போகணும். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

"ஹைதராபாத்தா? அது போயிருச்சுங்களே."

"எது போயிருச்சு?"

"பாப்பா லெட்டருங்க. டீச்சர் திங்கக்கிழமையே ஸ்கூலுக்குப் போற வழியில குடுத்துட்டாங்க. நேத்துச் சேந்துருச்சு." அவன் ரசீதை எடுத்து என் முன்னால் வைத்தான். "சார் கோட்டுப் போட்டுட்டு வியாழக்கிழமை வருவாரு, டீ வாங்கிக் குடுங்கன்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை வந்தா வேண்டாம்னாங்க."

டீ வந்தது. சூடாகத்தான் இருந்தது.

"அப்ப இந்தக் கவர்ல என்ன இருக்குது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. பிரிச்சுப் பாத்துக்கச் சொன்னாங்க. போகும்போது பேக்கரியில டீக்குக் கால் கிலோ வர்க்கியும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

பிரித்தேன். ஜூலை எட்டாம் தேதி, கோயமுத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கு இரண்டு ரயில் டிக்கெட். ஒன்று ஜெஸிந்தா. இன்னொன்று சில்வஸ்டர், ஆண், வயது நாற்பத்தெட்டு. அது நான்தான். நான்கு நாளாக நெஞ்சோடு சேர்த்து ஜிப் போட்டு நான் ஒளித்துவைத்திருந்தது என்னையேதான்.

சாயங்காலம் வர்க்கியை மேஜைமேல் வைத்தேன். பிலோமி ஒன்றை எடுத்து டீயில் நனைத்தாள்.

"அங்க ஊடு பாத்து, அடுப்பு, பாத்திரம் வாங்கிக் குடுத்து, அவ கூட இருந்துட்டு வாங்க," என்றாள். "எனக்கு லீவு கிடைக்காதுங்க. ஹெச்.எம். குடுக்க மாட்டாங்க."

ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு மாதிரி ஒன்று. வாயைத் திறந்தேன். அப்போதுதான் டிக்கெட்டை இன்னொரு முறை பார்த்தேன்.

"பிலோமி, போறதுக்கு மட்டுந்தான் இருக்குது. நான் திரும்பி வர டிக்கெட்?"

அவள் இரண்டாவது வர்க்கியை எடுத்தாள்.

"தேதியை அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாதுங்க."