ஒண்ணுகூடி அண்ணனும் மலையேறின சைக்கிளும்

கேரளத்தின் தெற்கு ஓரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அந்தக் காலத்தில் வாழ்ந்த அத்தனை ஜனங்களும் படவேண்டிய கவலையை ஒரே மனுஷன் மொத்தக் குத்தகைக்கு எடுத்துப் பட்டார். அவர் எங்கள் ஊர் போட்டோக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு படம் எடுத்த கையோடு முகம் வாடி, "சத்தம் கேட்டுதா மக்கா? எனக்கு கேக்கல்ல. ஒண்ணுகூடி எடுப்போம்" என்பார். கேமராவின் 'டிக்' சத்தத்தைச் சொல்கிறார். ஒண்ணுகூடி என்றால் எங்கள் பக்கத்தில் இன்னொரு தடவை என்று அர்த்தம். அதனால் அவர் 'ஒண்ணுகூடி' அண்ணன் ஆனார்.

பக்கத்து ஊரான காரோட்டில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படத்தை எடுத்துவிட்டு, மாப்பிள்ளையிடம் போய், "கோவிச்சுக்கப்பிடாது தம்பி, அத அவுத்து ஒண்ணுகூடி கெட்டணும்" என்றார். பெண்ணின் தாய்மாமன் அவரைப் பந்தல்கால் வரைக்கும் துரத்தினான். ஒரு சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்து "கண்ணு சிமிட்டாத" என்று சொன்னதாகக் கதை கட்டினார்கள். அதை நான் நம்பமாட்டேன். "சத்தம் கேட்டுதா" என்று பிணத்திடம் கேட்டார் என்றால் நம்புவேன்.

ஆனாலும் அவர் காட்டில் மழை. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பத்து சென்ட் நிலம் சொந்தமான புதிது. பட்டயத்தைக் கையில் பிடித்துக் குடும்பத்தோடு குடிசை வாசலில் நிற்கிற படம் வீட்டுக்கு வீடு வேண்டியிருந்தது. அந்த அலை அடங்குவதற்குள் வளைகுடா அலை வந்தது. பாஸ்போர்ட் படத்துக்குக் கடை வாசலில் வரிசை நின்றது.

அப்படியிருக்கும்போதுதான் மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஒருவர் லீவுக்கு வந்தார். ஊருக்கு அவர் மஸ்கட்டுக்காரர். வந்தவர் சும்மா இருக்காமல் ஒரு சைக்கிள் பந்தயம் அறிவித்தார். விடியக்காலை பாறசாலையில் புறப்பட்டு, காட்டாக்கடை போய், அதற்கப்பால் ரப்பர்த் தோட்டத்துக்குள் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் மலை உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி, அமரவிளை வழியாகத் திரும்பவேண்டும். கியர் என்ற வார்த்தையை நாங்கள் லாரிக்காரர்கள் வாயில்தான் கேட்டிருந்தோம். மரச்சீனிக் கிழங்கு மூட்டை ஏற்றுகிற அதே சைக்கிள்தான். முதலில் வருகிறவனுக்குப் பரிசு, மஸ்கட்டுக்கு ஒரு விசா!

பதினொரு பேர் பெயர் கொடுத்தோம். நான் பத்தாவது பாஸாகி ஐந்து வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தவன். அப்பா போனபிறகு அம்மா அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துத்தான் அடுப்பு எரிந்தது. கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் வெந்து கறுத்துப்போயிருந்தன. சோறு பிசைந்து தரும்போதெல்லாம் அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வேன். விசா கிடைத்தால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். பந்தயத்துக்கு முந்தின வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

எனக்காவது ஒரு வாரம். அண்ணன் நிலைமை அதைவிட மோசம். முந்தின வருஷம் நடந்த ஒரு பந்தயத்தில் ஒருவன் சைக்கிளை ஜீப்பில் ஏற்றிவந்து ஜெயித்திருந்தான். ஆகவே மஸ்கட்டுக்காரர் சட்டம் போட்டார்: உச்சியில் உள்ள கல்குரிசின், அதாவது கல் சிலுவையின், பக்கத்தில் ஒவ்வொருவனும் சைக்கிளோடு நின்று படம் எடுத்திருக்கணும், படம் இல்லாதவனுக்கு விசா இல்லை. எடுக்கவேண்டியது நம் அண்ணன். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அந்த வாரம் கடைகளில் கிடைத்ததோ ஒரே சுருள்.

"பதினோரு பேருக்கு பன்னிரண்டா? மிச்சம் ஒண்ணே ஒண்ணுதானா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். சோறு இறங்கவில்லை என்று கேள்வி.

உச்சிக்கு முதல் ஆளாக நான்தான் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளில் நான் ஏறியதைவிட என் தோளில் சைக்கிள் ஏறியதுதான் அதிகம். நாக்கு வெளியே தள்ளிவிட்டது.

"எலே, பித்தான போடு" என்றார் அண்ணன்.

"அண்ணே, பின்னால ஆளு வருது!"

"மஸ்கட்டுக்காரரு பாக்கப்பட்ட படமாக்கும். தலமுடிய ஒதுக்கு. ஆங்... அனங்காத, அப்படியே நில்லு!"

காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி வீசியது.

"சத்தம் கேட்டுதா மக்கா?"

"கேட்டுது, கேட்டுது!" என்று வாய்கூசாமல் பொய் சொல்லிவிட்டு இறக்கத்தில் விட்டேன்.

பாதி இறங்கியிருப்பேன். பின்னால் சைக்கிள் மணி! எவனோ என்னைப் பிடிக்கப்போகிறான். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. மிதித்தேன். மணி இன்னும் பக்கத்தில் வந்தது. விசாவும் போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு மிதித்ததில், ஒரு வளைவில் பாதை தன் வழியே போக, நான் மரச்சீனி விளைக்குள் போய் விழுந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் கேமரா ஆட, அண்ணன் நின்றார். சின்ன ஓடைப் பாலத்தில்கூட இறங்கி சைக்கிளை உருட்டிப் போகிற மனுஷன்!

"பிள்ளே, சத்தியமா சொல்லு. சத்தம் கேட்டியா இல்லியா?"

"கேக்கல்ல அண்ணே."

"எனக்கும் கேக்கல்ல. வா, மேல போயி ஒண்ணுகூடி எடுப்போம்."

"நீங்க இஞ்ச வந்துட்டா அங்க யாரு நிக்கா?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்க தெய்வமே, மற்றவனுவ வந்திருப்பானுவளே!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். நான் எழுந்து மிதித்தேன். உச்சியில் ஆளைத் தேடிக் காணாமல் மற்ற பத்துப் பேரும், எதிரே ஓடிவந்த அவரை வாயில் வந்தபடியெல்லாம் வைதுகொண்டே இறங்கினார்கள்.

முதலில் வந்தவன் நான்தான். ஆனால் கைதட்டலுக்குப் பதில் அடிதடி நடந்தது. பத்துப் பேருக்குப் படம் இல்லை. எனக்கு உண்டா என்று எனக்கே தெரியாது.

மஸ்கட்டுக்காரர் கையை உயர்த்தினார். "இவனுக்கு படம் உண்டுமெங்கி விசா இவனுக்கு. இல்லியா, ஒருத்தனுக்கும் கெடையாது. நான் எனக்க மச்சினன கொண்டு போவேன்."

மச்சினன் அப்போதே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

கடை வாசலில் ஊரே கூடிவிட்டது. அண்டியாபீஸிலிருந்து அம்மாவும் ஓடிவந்து, விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அண்ணன் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவில் காதை வைத்து நின்றேன்.

"மக்கா, நிக்கியா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிக்கேன்."

"பண்டு ஒருத்தன் கள்ள லாஞ்சுல துபாய்க்கு போனான். போறதுக்கு முந்தி ஒரு படம் எடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. கழுவினா ஒண்ணுமில்ல. அவன் திரும்பி வரல்ல கேட்டியா. அவனுக்க அம்ம இப்பவும் கடைக்கு வந்து, படம் ஆச்சான்னு கேக்கா. நான் என்னத்த சொல்ல?"

அத்தனை வருஷம் அவரைக் கேலி செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"உண்டு! மக்கா, உண்டு!"

கதவைத் திறந்துகொண்டு ஈரம் சொட்டுகிற சுருளோடு வந்தார். அந்த நெகட்டிவில் கறுத்த முகமும் வெளுத்த தலையுமாக, பித்தான் போட்டு, கல்குரிசின் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அழுதாள். அண்ணன் அவளைவிட அதிகமாக அழுதார். பிறகு பத்துப் பேர் வீட்டுக்கும் நடந்து போய் மன்னிப்புக் கேட்டார், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை.

நான் மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்று பஸ் வாசலில் நிறுத்திவைத்து ஒரு சுருள் முழுக்க என்னை எடுத்தார். கண்டக்டர் விசிலடித்தே ஓய்ந்துபோனார்.

ஆறு வருஷம் ஊருக்கு வரமுடியவில்லை. அம்மா அண்டியாபீஸ் வேலையை விட்டுவிட்டாள். அண்ணன் அந்தப் பன்னிரண்டு படங்களையும் ஒன்றாகக் கொடுக்கவில்லை. ஆறு மாசத்துக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து, "மஸ்கட்டிலேருந்து புதுசா வந்ததாக்கும்" என்று கொடுத்திருக்கிறார்.

திரும்பி வந்த அன்றைக்கு அம்மா பன்னிரண்டையும் பாயில் வரிசையாகப் பரப்பினாள். எல்லாவற்றிலும் அதே சட்டை, அதே பஸ், அதே திருட்டு முழி.

"பாரு மக்கா, ஓரோ படத்திலயும் நீ கொஞ்சம் கொஞ்சமா தடிச்சுட்டு வாற" என்றாள் அம்மா.

வாசலில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்து, காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். "ஆமாம்மா, அங்க நல்ல சாப்பாடு" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.