கைமுந்தியும் இடது கால் ஷூவும்

கைமுந்தி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள். உங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒன்று இருக்கும். ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன், கைமுந்தி இல்லாத ஊரைப் பார்க்கவில்லை. நீங்கள் அழுத்திய லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்துவார், தும்மல் வரப்போவது உங்கள் மூக்குக்கே தெரிவதற்கு முன் கைக்குட்டையை நீட்டுவார், நீங்கள் சொல்லும் ஜோக்கின் கடைசி வரியை அவரே சொல்லிவிட்டு உங்களுக்கும் சேர்த்துச் சிரிப்பார். கெட்டவரா? ஐயோ, தங்கம். அதுதான் தொல்லையே.

இந்த இனம் முழு வளர்ச்சி அடைய அதற்கு ஒரு குழந்தை கிடைக்க வேண்டும். என் அண்ணனுக்குக் கிடைத்தாள். ஆறு வயது. பல் துலக்க வாயைத் திறப்பாள், பிரஷ் உள்ளே இருக்கும். "உன் பேர் என்னம்மா?" என்று யாராவது கேட்டால் அண்ணன் பதில் சொல்வான், வயதையும் சேர்த்து. ஷூ? காலை நீட்டுவாள்; மீதி தானாக நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் நடக்கவில்லை. விளையாட்டு வகுப்புக்கு முன் எல்லோரும் ஷூ மாட்ட வேண்டும். இவள் மாட்டத் தெரியாமல் அழுதாள், ஷூவை வீசி எறிந்தாள், மூன்று வாரமாக ஜன்னல் வழியே விளையாட்டைப் பார்த்தாள். மாதக் கடைசியில் ஓட்டப் பந்தயம். அதில் ஓடியே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். ஆகவே மூவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போனோம். பொத்தான், பென்சில், ஷூ, கோபம், பதற்றம் எல்லாவற்றையும் பிள்ளைகள் தாங்களே சமாளிக்கப் பழக்குகிறவர்.

தரையெங்கும் மெத்தை. உத்தரத்தில் துணி ஊஞ்சல். நடுவில் புத்தகங்கள் நிரம்பிய கூடை.

"இதை அந்தச் சுவர் வரைக்கும் தள்ளிட்டு வா, குட்டி. பாரமா எதையாவது தள்ளினா உடம்பு கொஞ்சம் அமைதியாகும். அப்புறம் ஷூ மாட்டலாம்."

குட்டி குனிந்தாள். கூடையைக் காணோம். அண்ணன் அதைத் தூக்கிப்போய்ச் சுவரோரம் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றான்.

"ரொம்ப கனம் மேடம். குழந்தை பாவம்."

"கனமா இருக்கணும்னுதான் சார் புத்தகத்தைப் போட்டேன்."

தெரபிஸ்ட் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து விளையாட்டுக் களிமண் இரண்டு உருண்டை எடுத்து அவன் கைக்கு ஒன்றாக வைத்தார்.

"பிசைஞ்சுக்கிட்டே இருங்க."

"குட்டிக்கு இளக்கித் தரணுமா?"

"இல்ல சார். இது உங்களுக்கு."

குட்டி கூடையைத் தள்ளிக்கொண்டு இரண்டு நடை போய்வந்தாள். உட்கார்ந்தாள். நாக்கு நுனி வெளியே வந்தது. ஷூவின் பட்டையை ஒட்டினாள், கோணலாக ஒட்டியது, பிரித்தாள், மறுபடி ஒட்டினாள். அண்ணன் விரலிடுக்குகளில் களிமண் பிதுங்கியது. அவன் கால்விரல்கள் அவளுக்காக அவன் செருப்புக்குள்ளேயே நெளிந்தன.

"அது இடது கால்..."

"அப்பா, வாய்க்கும் களிமண்ணு குடுக்கச் சொல்லவா?"

நான் ஊஞ்சலுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

நாலு நிமிஷம். இரண்டு ஷூவும் ஏறிவிட்டன, கால் மாறி. அண்ணன் நீச்சல் தெரியாமல் கிணற்றில் விழுந்தவன்போல் தெரபிஸ்டைப் பார்த்தான். அவர் களிமண்ணைப் பார்த்தார். குட்டி எழுந்தாள், இரண்டடி நடந்தாள், முகத்தைச் சுளித்தாள், உட்கார்ந்து இரண்டையும் கழற்றினாள். மாற்றிப் போட்டாள். யாரும் சொல்லவில்லை!

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுக்குக் கூடை, அவனுக்குக் களிமண்.

பந்தயத்தில் குட்டி கடைசிக்கு முந்தினவளாக வந்தாள். வந்ததும் நேரே ஜெயித்த பெண்ணிடம் போனாள். "என் ஷூவை நானே மாட்டினேன், தெரியுமா?" அண்ணன் வேலிக்கு இந்தப் பக்கம் கைதட்டினான். சத்தமே வரவில்லை, உள்ளங்கையெல்லாம் களிமண்.

என்ன, அந்த இனத்தில் நீங்கள் சேர்த்தியில்லையா? நல்லது. ஒரு பழமொழி சொல்கிறேன், நானே சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி...

முடித்துவிட்டீர்கள், இல்லையா? களிமண் இன்னும் ஓர் உருண்டை மிச்சமிருக்கிறது.